குவாரிக்குப் போகும் குடம்

திருச்சுழி
18.3.1972

அன்பு மாப்பிள்ளை பொன்ராஜ் அவர்களுக்கு, மாமன் அருஞ்சுனை ஆசிகளுடன் எழுதுவது.

மானக்கேடான சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஊர் முழுக்கப் பேச்சு. பொழுது சாயும் நேரத்தில் நான் பழைய குவாரிப் பக்கம் சீமைக்கருவேலம் புதருக்குள் குந்தியிருப்பதை ஆடு மேய்க்கும் குருவம்மாள் பார்த்துவிட்டாள். "என்ன மொதலாளி, செம்பக்கூட எடுக்காம ஓடியாந்துட்டீகளா?" என்று அவள் கேட்டது கடைத்தெருவரை வந்துவிட்டது. எதிர்க்கடை மாரிக்கனி மாதுளைத் தோலை இடித்துக் கொடுத்தனுப்பினார். மறுக்காமல் குடித்தேன். உண்மையைச் சொல்ல முடியுமா?

உங்கள் சம்சாரம் செல்லக்கிளி தினமும் குடத்தோடு குவாரிக்குப் போகிறாள். நான் ஒளிந்து ஒளிந்து பின்னால் போகிறேன். கிணறுகள் வற்றியதால் ஊரே அங்கேதான் தண்ணீர் எடுக்கிறது, ஆனால் காலையில். இவள் மட்டும் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போகிறாள். ஜல்லி உடைத்த காண்ட்ராக்டர் விட்டுப்போன அந்தப் பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அங்கே தனியாகப் போனால் நான் கல்லாவில் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

உங்கள் அத்தை ராமலட்சுமிக்கு வேறு கவலை. மகள் அரைக்குடத்தோடுதான் திரும்புகிறாளாம். "இடுப்புல வச்சுக் கொண்டாரியா, எறச்சுக்கிட்டே வாரியா?" என்று ஏசுகிறாள். மீதித் தண்ணீர் போகிற இடம் எனக்குத் தெரியும். மேற்குக் கரையில் ஒரு கற்குவியல். அதன்மேல் ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

ஐப்பசி மழையில் சுடுகாட்டுப் பாதையை ஓடை மூடிக்கொண்டதால்தானே, பிறந்த அன்றே போன பிள்ளையை நாம் இருவரும் குவாரியில் அடக்கம் செய்தோம்? தாய்க்காரிக்கு இடம் தெரிந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாமும் இடத்தை மறைத்தோம். அவள் உங்களிடம் கேட்டுக் கேட்டு அழுதாள். நீங்கள் வேலைக்கென்று கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஏறிப்போக ஒரு ஊர் இல்லை, அவ்வளவுதான்.

குவாரி என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்கிறீர்களா? மண்வெட்டியைக் கழுவாமல் சாத்திவைத்த புத்திசாலி உங்கள் மாமன். இந்தக் கரிசல் காட்டில் வெள்ளைக் கல்பொடி வேறெங்கே ஒட்டும்?

நேற்று அவள் திரும்பிப் பார்க்காமலே, "ஐயா, முள்ளு குத்தப்போகுது, எந்திரிச்சு வாங்க" என்றாள். போனேன். வேட்டியில் பாதி முள்ளோடு நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "எடம் இதுதானய்யா?" என்று கேட்டாள். அவள் ஊற்றிய தண்ணீரில் அந்த மேற்குக் கரைக் கல்லிடுக்கில் ஒரு தும்பைச்செடி துளிர்த்திருந்தது. ஆமென்று தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அம்மாவிடம் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பங்குனி முடிவதற்குள் வந்து அவளை அழைத்துப் போங்கள். லீவு தராவிட்டால், மாமனாருக்கு வயிற்றுப்போக்கு முற்றிவிட்டது என்று சொல்லுங்கள். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகவேண்டாம், முதலில் கடைக்கு வாருங்கள். அவள் உங்களிடமும் கேட்பாள்.

துணைமாலையம்மன் உங்கள் இருவரையும் ஒரு கூரையின் கீழ் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
அருஞ்சுனை

பி.கு.: நாம் குழி எடுத்தது கிழக்குக் கரையில், ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில்.