கார் ஷெட்டில் பன்னிரண்டு பெட்டி

வென்டல்,

நான் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன். பீன்ஸ் சூப்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

கார் ஷெட்டில் பன்னிரண்டு பெட்டி, பெரியவர்களுக்கான டயப்பர் இருக்கிறது, பதறாதீர்கள். உங்கள் சம்பளத்தில் வரியில்லாமல் மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய பணம், இன்று டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால் கம்பெனிக்கே போய்விடும். அந்தப் பணத்துக்கென்று கம்பெனி கொடுத்த அட்டையை டயப்பருக்கு நீட்ட வெட்கப்பட்டு, வருஷம் முழுக்க ரொக்கம் கொடுத்தே வாங்கினீர்கள்.

போன வாரம் கடைப் பெண்ணிடம், "எனக்கில்லம்மா, என் பொண்டாட்டிக்கு" என்றீர்களே, அடுத்த வரிசையில்தான் நின்றிருந்தேன். இன்று அதே பெண்ணிடம், "அத்தனையும் என் வீட்டுக்காரருக்கும்மா" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். சரிக்குச் சரி.

டோரீன்

பி.கு.: மேல் பெட்டியைத் தொடாதீர்கள். அது என்னுடையது.