கடலைப் பார்த்து நின்ற கோச்

காக்கா,

இன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஒருவன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். உங்கள் கையில் எப்போதும் இருந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கண் தன்பாட்டில் கடல் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு ஆடுதான் நின்றது. நீங்கள் இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே பகிடி பண்ணியிருப்பீர்கள்.

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்ட நீங்கள் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோச்சாக இருந்த காலத்தில் நான் செயலாளர். தோற்ற மேட்ச்களுக்கெல்லாம் ஊருக்குப் பதில் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றியவன். சுனாமிக்கு முன்னால் மருதமுனை முதல் திருக்கோவில் வரை நம்மைக் கண்டால் பயந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவனெல்லாம் அடித்துவிட்டுப் போனான். அதுவும் நம் கீப்பர் ஹில்மி கடல் பக்கக் கோலில் நிற்கும் பாதியில்தான் கோல் மேல் கோல் விழும். பின்னேர வெயில் கண்ணில் குத்துகிறது என்று நினைத்து நான் அவனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன். என் மூளையைப் பாருங்கள்! உம்மாவையும் தங்கச்சியையும் கடலுக்குக் கொடுத்தவன் அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எப்படி நிற்பான்? அலை கொஞ்சம் பலமாக அடித்தால் திரும்பிப் பார்ப்பான். அந்த நேரம் பார்த்துப் பந்து உள்ளே போய்விடும்.

அதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அடுத்த மேட்சில் கதிரையை விட்டு எழுந்துபோய், அவன் கோலுக்குப் பின்னால், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றீர்கள்.

"கடல நான் பாத்துக்கிறன். நீ பந்தப் பாரு மனே."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹில்மி ஓயாமல் கத்துவான்: "கோச், நிக்கிறீங்களா?"

"நிக்கன்டா, நிக்கன்!"

அப்படிப் பல மேட்ச் நின்றும் தோற்றோம். கமிட்டி கூடியது. தலைவர் மேசையில் அடித்தார்.

"விளையாட்டப் பாக்காத கோச்ச உலகத்தில எங்கயாவது கண்டிருக்கீங்களா? கீப்பர மாத்துங்க, இல்லாட்டி நீங்க மாறுங்க."

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "முந்தி மேட்ச் முழுக்க என்னக் கூப்பிட்டுக்கிட்டே நிண்டான். இண்டைக்கு ரெண்டு தரந்தான் கூப்பிட்டான். இதவிட என்ன முன்னேற்றம் வேணும் உங்களுக்கு?"

"அதுக்கு ஆரு கப் தருவா?"

நான் உங்களுக்காகக் கத்தினேன். கத்தி என்ன பயன்? கை உயர்த்தச் சொன்னார்கள், உங்களை நீக்கிவிட்டார்கள். ஊரில் வேறு கீப்பர் இல்லாததால் ஹில்மி தப்பினான். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னீர்கள்: "கோச் வேலதான் போச்சி. கோலுக்குப் பின்னால நிக்கிறதுக்கு ஆருக்கிட்ட கேக்கணும்?" சொன்னபடியே புதுக் கோச்சின் காலத்திலும் வந்து நின்றீர்கள்.

நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு, எத்தனையோ வருடங்களுக்குப் பின் பாண்டிருப்பிலிருந்து தமிழ்ப் பொடியன்கள் நம் மைதானத்துக்கு விளையாட வந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. இந்த மேட்சை மட்டும் தோற்கவே கூடாது என்று சந்தையிலும் அதே கதைதான். முதல் பாதியில் ஹில்மி கடல் பக்கம். ஒரு தரமும் உங்களைக் கூப்பிடவில்லை. ஒரு கோலும் விடவில்லை. நீங்கள் மெல்லத் திரும்பி, அந்த இடத்தில் நின்று முதல் தடவையாக அவன் விளையாடுவதைப் பார்த்தீர்கள். கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். வியர்வை என்று பொய் சொல்லாதீர்கள்.

இடைவேளையில் பக்கம் மாறினார்கள். நான் பிளேன்டீ எடுத்துவந்து, "வாங்க காக்கா, இனிக் கதிரையில இரிங்க" என்றேன். வந்துகொண்டுதான் இருந்தீர்கள். அதற்குள் பாண்டிருப்புக் கீப்பர் கடல் பக்கக் கோலுக்குள் போனான். போனவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். விசில் ஊதிய பிறகும் பார்த்தான். நீங்கள் நின்றுவிட்டீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

"காக்கா, வேணா. அவன் எதிர்ப் பக்கம்."

"கடலுக்கு அது தெரியுமாடா?"

கோப்பையை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். அந்தப் பொடியன் திகைத்துப்போய், "ஐயா, இதில என்ன செய்றீங்க?" என்று கேட்டான். "கடல நான் பாத்துக்கிறன் தம்பி. நீ பந்தப் பாரு." அதன் பிறகு அவன் பந்தை மட்டுமே பார்த்தான். நம்மவர்கள் அடித்ததையெல்லாம் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். ஒரு கோலால் தோற்றோம். தலைவர் அதோடு உங்களுடன் கதைப்பதையே விட்டார். எனக்கும் வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் அந்தப் பொடியனும் ஹில்மியும் உங்களுக்கு இரண்டு பக்கமும் நடந்து வந்ததைப் பார்த்தபோது, கப்பாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் மௌத்தானீர்கள். உங்களுக்குப் பின் வந்த கோச்மார் கப் எடுத்துத் தந்தார்கள், நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் யாரையாவது நல்ல கோச் என்று ஊர் புகழும்போது, எத்தனை வென்றான் என்று எனக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. நீங்கள் என்னைக் கெடுத்துவிட்டீர்கள்.

சுனாமி அன்றைக்கு உங்கள் மகளையும் அதே கடல்தான் கொண்டுபோனது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் உங்களிடம் அதைக் கதைத்ததில்லை, நீங்களும் கதைக்கவில்லை. எங்கள் எல்லாரையும் பந்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு உங்கள் பக்கத்தில் வந்து ஒரு பின்னேரம் நிற்க வேண்டும் போல் இருக்கிறது, காக்கா.