மன்யானா என்ன செடி?

இன்று காலை கேளம்பாக்கம் பூக்கடையில் சம்பங்கி வாசம் மூக்கில் ஏறியது. உடனே உன் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவளிடம் என்ன கோபம் என்பார்கள். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

எழுபதுகளில் மாமல்லபுரம் கடலோரத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஸ்பெயின்காரம்மாவிடம் நாம் இருவரும் தோட்ட வேலைக்குப் போனோம். வந்த புதிதில் அவள் ஒரு சம்பங்கியை உன் மூக்கருகே நீட்டி, "நார்தோ" என்றாள். உனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னாடி இவ, சம்பங்கியப் போயி நாறுதோன்னு கேக்குறா?" என்று என்னிடம் பொரிந்தாய். அவள் ஊரில் சம்பங்கிக்குப் பேரே அதுதான் என்று தெரிந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். "செடி பேர் எல்லாம் படி. என் வீட்டில் பெரிய தோட்டம். உன்னைக் கூட்டிப் போறேன்" என்று அவள் அரைகுறைத் தமிழில் சொன்னாள். நீ நம்பினாய். அரளிக்கு அதெல்ஃபா, துளசிக்கு அல்பாகா, மல்லிக்கு ஹஸ்மின் என்று தண்ணீர் ஊற்றும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய். புதுப்பட்டினத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை உன் அப்பா உட்கார வைத்திருக்க, "நான் ஃபாரின் போறேன், எனக்குக் கண்ணாலம் வாணாம்" என்று முகத்திலடித்தாற்போல் சொன்னாய். பையன் தங்கமானவன்.

எப்போது கூட்டிப்போவாய் என்று நீ கேட்டால் மட்டும் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும். "மன்யானா" என்பாள். அதுவரை அவள் சொல்லித்தந்ததெல்லாம் செடியின் பேர் என்பதால் இதுவும் ஒரு செடி என்றே நினைத்துவிட்டாய். "அது ஒண்ணுதான்டி பாக்கி. அதக் கண்டுபுடிச்சா இட்டுகினு போயிடுவா" என்று வேலியோரமெல்லாம் தேடினாய். நானும் கூடவே தேடினேன்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, ஈரச் சாக்கு சுற்றிய பதியன்களுக்குக் காரில் இடம் இருந்தது. நீ துணி மூட்டையோடு பங்களா கேட் அருகே நின்றாய். அவள் கண்ணாடியை இறக்கி அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாள். சிற்பங்களைச் சுற்றிக்காட்டும் கைடு ஒருவரைப் பிடித்து, "மன்யானான்னா இன்னா செடி அண்ணாத்த?" என்று கேட்டாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"செடியும் இல்ல, கொடியும் இல்ல. நாளைக்குன்னு அர்த்தம்மா."

அவர் வாய் சும்மா இருக்கவில்லை. அதன் பிறகு ஊருக்கே நீ 'ஸ்பெயின்காரி'. உப்பளத்துக்குக் கூலிக்குப் போனாலும் அதே பேர், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் அதே பேர். ஒருத்தரையாவது திருப்பித் திட்டினாயா? இன்னொரு வரன் வந்தபோதும் மாட்டேன் என்றாய். ஏனென்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் உன்னைத் தூக்கும் நேரத்தில் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, ஸ்பெயின்காரி போய்ட்டாளா?"

"எங்கடி போனா? கட்டசி வரிக்கும் அவ எங்கியும் போவவே இல்லியே!" என்று கத்திவிட்டேன்.

மேளம் அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.