உள்ளூர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புகைமூட்டம். எதிர் அடுக்குமாடியில் காயும் துணிகள் தெரிகின்றன, கட்டடம் தெரியவில்லை.

நான் பிழைதிருத்திய வார இதழ் மூடப்பட்டு நான்காவது மாதம். கடைசி இதழிலும் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். யாரும் பாராட்டவில்லை. பாராட்ட யாரும் மிச்சமில்லை.

காலையில் புஷ்பாவின் போன். இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் சுற்றுப்பயணிகளை நடத்திக் கூட்டிப்போய்ச் சாப்பாடு காட்டும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறாள். ஆள் தேவையாம்.

"அங்கிள், இந்த ஏரியால உங்களுக்குத் தெரியாத சந்து இல்ல. இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பேசணும். அடுத்த வாரம் சனிக்கிழமை ட்ரையல். நல்லா வந்தா வேல உங்களுக்குத்தான்."

ஆங்கிலம் வாசிப்பேன். தடித்த நாவல்களாகவே வாசித்திருக்கிறேன். வாயில் வராது. ஒரு மனிதனின் மனச்சோர்வை விவரிக்கச் சொற்கள் உண்டு, தேங்காய்ச் சட்னியை விவரிக்க இல்லை.

என் மனைவி வசந்தா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். இந்த மாதமும் இரட்டை ஷிஃப்ட். "ஒங்களுக்கு வேல கெடச்சா நான் ஒரு ஷிஃப்ட விட்டுர்றேன்" என்றாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

முறை: தெரிந்த பொருள், தெரியாத சொல். ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களின் வீடியோக்கள். ராஜுவின் வடைக்கடை எல்லாவற்றிலும் வருகிறது. ராஜுவின் முகம் ஒன்றிலும் வரவில்லை, கரண்டி வருகிறது.

இன்றைய சொற்கள்: கிரிஸ்பி, ஃபிளஃபி, ஸ்மோக்கி, ஹிடன் ஜெம். கடைசியானது மறைந்து கிடக்கும் மாணிக்கம். ராஜுவின் கடை பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, சிவப்புக் குடையின் கீழ்.

கவனித்தது: வாயில் வைத்ததும் கண்ணை மூடுகிறார்கள். 'ஓ மை காட்' மெல்லுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. நம்மவர்கள் முழுவதும் தின்று முடித்துவிட்டு 'உப்பு கம்மி' என்பார்கள். வீடியோ ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தொண்டைக் கரகரப்பு. சாப்பாட்டிலிருந்து சாகசத்துக்கு மாறினேன். ஒருவன் காட்டில் தன்னந்தனியாக உயிர் பிழைக்கிறான். படம்பிடிப்பவன் கூடவே போகிறான். சொற்கள்: லெட்ஜ், ஸ்லிப்பரி, ஹோல்ட் ஆன், வாட்ச் யுவர் ஸ்டெப், வீ மேட் இட். பசிக்குப் புழு தின்றான். அதுவும் கிரிஸ்பி.

மாலை வசந்தாவுடன் சாலையைக் கடந்தேன். அந்தப் பக்கம் போனதும் "வீ மேட் இட்" என்றேன்.

"சிக்னல்ல நடக்கலாம்னுதானே போட்டிருந்துச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ராஜு கடையில் ஒத்திகை. முழு வாக்கியங்களாக மனப்பாடம். ஒரு சொல்லை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும். வடையை உயர்த்திப் பிடித்து, "லோக்கல்ஸ் லவ் திஸ்" என்றேன். எல்லா வீடியோவிலும் அப்படித்தான்.

ராஜு எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு எடிட்டரே அந்த லோக்கல்ஸ்?"

"இங்க வந்து சாப்பிடறவங்க."

"நேத்து நீங்க வந்து சாப்பிட்டீங்களே."

"அது வேற."

"என்னா வேறலா? அதே வடதானே."

பக்கத்தில் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்த லோரி டிரைவர் சமாதானம் செய்தார். "விடுங்கண்ணே, படிச்சவரு."

ராஜு சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தச் சொல்லை மாற்றினால் அடுத்த வாக்கியம் வர மறுக்கிறது. அப்படியே விட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சட்டைக்கு இஸ்திரி. காலணிக்குப் பாலிஷ். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வசந்தா சுற்றுப்பயணியாக இருக்கச் சம்மதித்தாள். சோபாவிலிருந்து சமையலறை வரை நடத்திக் கூட்டிப்போய் ரசத்தை அறிமுகம் செய்தேன்.

"எனக்குக் கால் வலிக்குது, உக்கார எடம் இருக்கான்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

யோசித்தேன். வீடியோக்களில் யாருக்கும் கால் வலிப்பதில்லை. மலையிலிருந்து உருண்டவனுக்கே வலிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இது போதும்" என்று உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

ட்ரையல். புகை போய் மழை.

நியூசிலாந்துத் தம்பதி, இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். புஷ்பா பின்னால், காது முழுவதும் என் வாயில்.

பூக்கடைப் பக்கம் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. ஸ்லிப்பரி, வாட்ச் யுவர் ஸ்டெப், ஹோல்ட் ஆன், எல்லாம் தாமாகவே வந்தன. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். வீ மேட் இட். காட்டு மனிதனுக்கு நன்றி.

ராஜு கடையில் லோக்கல்ஸ் லவ் திஸ். ராஜு காதில் விழாதவன்போல் சட்னி ஊற்றினான். அதன்பின் நிறுத்த முடியவில்லை. லோக்கல்ஸ் கையால் சாப்பிடுகிறார்கள், லோக்கல்ஸ் காலையில் கோவிலுக்குப் போகிறார்கள். ரயில்வே குடியிருப்பு இருந்த இடத்துக்கு வந்தோம். இப்போது கார் நிறுத்துமிடம். லோக்கல்ஸ் லிவ்ட் ஹியர் என்றேன்.

அந்த அம்மாள், நீங்கள் எந்த ஊர், இங்கே வந்து எவ்வளவு காலமாகிறது என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

விடை எந்த வீடியோவிலும் இல்லை. நின்றேன். புஷ்பா இருமினாள். பிறகு கையை நீட்டி, ஒரு வெள்ளைக் கார் நின்ற இடத்தைக் காட்டினேன்.

"மை ஹவுஸ்."

அவர்கள் காரைப் பார்த்தார்கள்.

"ஃபாதர். ரயில்வே."

மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். மழையில் அப்படியே நின்றார். நானும் நின்றேன். காருக்குச் சொந்தக்காரர் வந்து, எங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஓட்டிக்கொண்டு போனார்.

புஷ்பா திங்கட்கிழமை பேசுவதாகச் சொன்னாள். வசந்தா கேட்டதற்கு "ஏதோ நடந்தது" என்றேன். "சரி, தலையத் துடைங்க" என்றாள். நாளையும் அவளுக்கு இரட்டை ஷிஃப்ட்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். மதியம் புஷ்பா.

"அங்கிள், வேல உங்களுக்குத்தான். அவங்க என்னா எழுதியிருக்காங்க தெரியுமா? அந்தக் கார் பார்க்குதான் டூர்லயே பெஸ்ட்டாம். ரூட்ல சேத்துட்டேன், வடைக்கு அப்புறம்."

"இப்ப முழுசாவே சொல்லலாம்மா. அப்பா எப்ப வந்தாரு, என்ன வேல பாத்தாருன்னு ஆங்கிலத்துல எழுதி வெச்சிருக்கேன்."

"ஐயோ வேணாம் அங்கிள். அன்னிக்குச் சொன்னதே போதும். அதே மாதிரி கொஞ்சம் நில்லுங்க. வார்த்த கெடைக்காத மாதிரி. அப்புறம் கைய நீட்டுங்க."

"மழை இல்லன்னா?"

"இல்லாட்டியும் பரவால்ல. நீங்க நில்லுங்க."

'லோக்கல்ஸ்' பற்றிக் கேட்டேன். அது இருக்கட்டுமாம். அது இருந்தால்தான் கார் பார்க் எடுபடுகிறதாம்.

வசந்தா கிளினிக்கில் சொல்லிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து ஒரே ஷிஃப்ட்.

மாலை அலமாரிக் கண்ணாடி முன் பயிற்சி. நில், கை நீட்டு, மை ஹவுஸ். வசந்தா கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பச் சீக்கிரம் சொல்றீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன்.