தாய்மாமன் மடி

எழுமலை
மாசி மாதம், 1937

அன்பு மகன் வெள்ளைத்துரைக்கு அம்மா சோலையம்மாள், உன் தங்கை சீனியம்மாள் கையால் எழுதுவது. பினாங்கில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதச் சொன்னால் சீனி என் முகத்தைப் பார்க்கிறாள், அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் அக்காள் அன்னக்கொடியின் மகன் காளை போன மாதம் வாசற்படியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். சின்னக் காயம்தான், ரத்தம் நிற்கவே இல்லை, துணி மாற்றி மாற்றி என் கை ஓய்ந்துபோயிற்று. குலதெய்வக் குற்றம் என்று மாப்பிள்ளை வீட்டார் கிடாய் வெட்டினார்கள், அதற்கும் நிற்காமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா தகப்பன் வழியைக் கேட்கவே இல்லை, என் கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இப்படி இருந்ததா என்றுதான் கேட்டார். காது குத்திய அன்று தொடங்கிய ரத்தம் நிற்காமல் என் தம்பி பேயாண்டி போனதைச் சொன்னேன். இது பெண்கள் வழியாக வருவது, அவர்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளில் சிலரைப் பிடிக்கும் சிலரை விட்டுவிடும் என்றார். உன்னை விட்டுவிட்டது, உன் பிள்ளைகளுக்கும் உன்னால் வராதாம். பஸ்ஸில் வரும்போது சீனி சொன்னாள், கட்டிக்கொடுத்தால் பொண்ணுக்குக் குலதெய்வம் மாறுது, இந்த ரத்தம் மாறலியேம்மா என்று. தனக்கும் இருக்குமா என்று அவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அதையும் இவள் கையாலேயே எழுதுகிறாள், எழுத்துக் கோணவில்லை.

சம்பந்தி ஒச்சாயி, ஒங்க வீட்டுச் சீரோட இதையும் சேத்துக் கட்டி அனுப்புனீகளா என்று கேட்டாள். காது குத்தாத பயல எவன் மதிப்பான், மாமன் வைகாசிக்கு வாரான்ல, குத்திப்புடுவோம் என்று நிற்கிறாள். ஊசி முனைகூடப் படக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், அன்னக்கொடி மாமியார் காலில் விழுந்தாள், யாரும் கேட்கவில்லை. உன் ஐயா இருந்தாலாவது பேசியிருப்பார். எனக்குச் சலித்துவிட்டதப்பா. ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் காது குத்த அவர்களுக்கும் துணிவு வராது. காளைக்கு உன்னைத் தவிர வேறு தாய்மாமன் இல்லை.

அதனால் வைகாசிக்கு வராதே. என் மடியில்தான் குத்த வேண்டும், நான் வரும்வரை பொறுங்கள் என்று மாப்பிள்ளை சின்னச்சாமிக்குத் தனியாக எழுது, வரும் நாளை மட்டும் எழுதாதே. அங்குள்ள நம் ஊர்க்காரர்களிடம் இந்தக் காகிதத்தைக் காட்டிவிடாதே, மறக்காதே. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். அம்மன் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும். வேண்டாம் என்று தன் வாயால் சொல்லும் வயது காளைக்கு வரட்டும், அப்போது நான் இருந்தால் உன்னைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோலையம்மாள் (கைநாட்டு)

அண்ணே, 'வராதே' என்ற இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பது என் பிழை அல்ல. அம்மா அடிக்கச் சொல்லி, பிறகு மறுபடியும் அதையே எழுதச் சொன்னது. — சீனி