டீச்சரின் வெள்ளைப் பட்டு

19-1-1979, வெள்ளி

சர்ச் ஸ்கூல் டீச்சர் இன்னைக்கு வந்து தன்னோட கல்யாணப் புடவைய வாங்கிக்கினு போனாங்க. வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகை. அவங்க சர்ச்சுல கல்யாணப் பொண்ணு வெள்ளைதான் கட்டுமாம். நான்தான் நெய்தேன். மாமியாருக்குப் புடிக்கல. "கல்யாணத்துக்குப் போய் இந்தக் கலரா"ன்னு தறி பக்கமே வரல.

டீச்சர் புடவையப் பிரிச்சு என் தோள்ல போட்டுப் பார்த்தாங்க.

"அக்கா, நீங்களே கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க."

வீட்டுக்காரர் செத்ததுல இருந்து நான் கட்டறது வெள்ளைதான். இந்த வார்த்தைய இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. உள்ளேயிருந்து மாமியார், "ஜல்தி மடிச்சுக் குடும்மா"ன்னாங்க. மடிச்சுக் குடுத்துட்டேன். கைதான் அதை விட மாட்டேன்னுது.

"கல்யாணத்துக்கு அவசியம் வரணும்க்கா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. என்னை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடறதில்ல.

போகணும். ஆனா பொண்ணு வெள்ளை கட்டிக்கினு நிக்கிற இடத்துல நானும் வெள்ளையில போய் நிக்கலாமா? அது முறையா? காலையில மாமியாரை இதைத்தான் கேக்கப் போறேன். என்ன பதில் சொல்றாங்கன்னு பாப்போம்.

டிரங்குப் பெட்டி அடியில என் கிளிப்பச்சைப் பட்டு இருக்குது. மடிப்புல இத்துப்போயிருக்குமோ என்னமோ.