தனத்தின் கைக்கட்டு

விழுப்புரம்
12-2-1958

அத்தைக்கு, தங்கள் பாதம் தொட்டு மருமகள் ஜெயம்மாள் எழுதுவது. ஆஸ்பத்திரி ஆயா வேலையில் நான் சுகம். உங்க இருமல் நின்னுச்சா? பேத்தி தையல்நாயகி இதை நிறுத்திச் சத்தமாப் படிக்கணும், சங்கதி அவளோடது.

மண்டகப்பட்டிலேர்ந்து தனம்னு ஒரு பொண்ணு கை முறிஞ்சி வந்தா. ஊர்ல மூங்கில் பத்தை வச்சி இறுக்கிக் கட்டினதுல விரலெல்லாம் நீலமாயிடுச்சி. தமிழ் தெரியாத புது நர்சம்மா கட்டுல கை வச்சாங்க. மாமியார்க்காரி பாய்ஞ்சா: "ஒன்பது நாளு கட்டை அவுக்கக் கூடாது, அவுத்தா எலும்பு சேராது. எழுந்திருடி, ஊருக்குப் போலாம்!" நர்சம்மாவோ "லூசன், லூசன்"னு கெஞ்சறாங்க.

தலை பின்னும்போது இறுக்கினா, பள்ளிக்கூடத்துல கத்துக்கின இங்கிலீஷ்ல தையல்நாயகி தினம் கத்தற வார்த்தையாச்சே அது! "யம்மா, அவுக்கச் சொல்லல. கன்னுக்குட்டி கழுத்துக் கயித்தை அவுக்காமலே தளத்தி உடறோமே, அதான்"னேன். மாமியார் யோசிச்சி, "அப்ப நீயே தளத்து"ன்னா. தளத்தினேன். கொஞ்ச நேரத்துல விரல் செவந்துச்சி. தனம் மாமியார் முந்தானையைப் பிடிச்சி இழுத்துச் சிரிச்சா. இப்ப நர்சம்மா வார்டு பூரா "தளத்து, தளத்து"ன்னு சொல்லிக்கினு திரியறாங்க. அஞ்சாவது படிச்ச எனக்கு இது போதாதா!

மல்லாட்டை கொஞ்சம் ஓடு உடைச்சி, பருப்பை வறுத்து வைங்க. என் வளையல்தான் முழங்கை வரைக்கும் ஓடுது. பாத்திரம் கழுவச் சௌகரியம், கவலை வேணாம். சின்ன அளவா ஒரு டஜன் வாங்குங்க. தபால்ல போட்டா உடைஞ்சிடும், நீங்களே எடுத்துக்கினு வாங்க. மணி அடிக்கிறாங்க.

ஜெயம்மாள்